முதலில் வந்து குடியேறியவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளா? பிள்ளைகள் கேட்டால் எப்படி எடுத்துச் சொல்வது

டல்லாஸில் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் போன வாரம் காலை ஆறரை மணிக்குக் கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் இரவு எட்டு மணி. பாலை இறக்கி வைத்துவிட்டு போனை எடுத்தேன். “ஆயா, அமெரிக்காவுக்கு முதல்ல வந்த வெள்ளைக்காரங்க எல்லோருமே இல்லீகல் இமிக்ரண்ட்ஸ்தானே? ஸ்கூல்ல டிபேட். நான் ‘ஆமாம்’ பக்கம் பேசணும். மூணு நிமிஷம்” என்றான்.

என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஒரே ஒரு வரி வைத்திருந்தான்: “அவர்களிடம் விசா இல்லை.”

கடலூரில் 31 வருடம் வரலாறு நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகும் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களும் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார்கள். “வெள்ளைக்காரன் நம்ம ஊருக்கு வந்தப்ப யாருகிட்ட பர்மிஷன் வாங்கினான் மிஸ்?” நல்ல கேள்வி. இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம் என்பது என் எண்ணம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நான் கண்ட வழியை எழுதுகிறேன். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும், பேச்சுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளே படித்தாலும் சரி.

முதலில் விசாவை விட்டுவிடுங்கள்

“விசா இல்லை” என்ற வாதம் அரை நிமிடம்கூட நிற்காது. எதிரணி எழுந்து, “மேப்பிளவர் கப்பலில் ஆங்கிலேயர் வந்து இறங்கிய 1620இல் விசா என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது, இல்லாத ஒன்றை எப்படி வாங்குவது?” என்று கேட்டால் முடிந்தது. அவர்கள் சொல்வதும் உண்மைதான். அமெரிக்கா தனி நாடான பிறகு 1790இல் குடியுரிமைச் சட்டம் ஒன்று போட்டார்கள். யார் குடிமகன் ஆகலாம் என்றுதான் அது சொன்னது, யார் உள்ளே வரக்கூடாது என்று சொல்லவில்லை. இன்னார் உள்ளே வரக்கூடாது என்று கூட்டரசு கதவை மூட ஆரம்பித்தது 1875இல். அதன்பின் 1882இல் சீனத் தொழிலாளர்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. எல்லைக் காவல் படை 1924இல்தான் உருவானது. அதே 1924இல்தான் அந்த மண்ணின் பூர்வகுடிகள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கொடுக்கப்பட்டது. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். நான் எதுவும் விளக்கமாட்டேன். பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

ஆக, இன்றைய தாளை வைத்து அன்றைய ஆளை அளக்கக்கூடாது. இதைப் பிள்ளை ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த படிக்கு நகர வேண்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடவும் கூடாது. “சட்டமே இல்லை, அதனால் தப்பே இல்லை” என்று எதிர்ப்பக்கம் போய் விழுந்துவிடுவார்கள். இரண்டாவது தவறு முதல் தவறைவிடப் பெரியது.

எழுதாத சட்டமும் சட்டம்தான்

இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் படிக்கும் ஒரு பையன் தேவனாம்பட்டினத்துக்காரன், அப்பாவுக்கு ஃபைபர் படகு. “சட்டம் என்றால் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும்” என்று இன்னொரு பிள்ளை சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க ஊர்ல எதுவுமே எழுதி வைக்கல மிஸ். ஆனா வெளியூர்க்காரன் வந்து எங்க கரையில வலை போடணும்னா பஞ்சாயத்துல கேக்கணும். கேக்காம போட்டா வலையைப் புடிச்சு வெச்சுப்பாங்க. அபராதம் கட்டிட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்” என்றான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோயில் வரி, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்று வரிசையாகச் சொன்னான். அவன் சொன்னதில் எதுவும் அரசு இதழில் வந்ததில்லை. ஆனால் அந்தக் கரையில் அதை மீறிவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

உங்கள் ஊரில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். ஏரித் தண்ணீர் முறை, மந்தைவெளி, கோயில் மரியாதை, எதுவாக இருந்தாலும் சரி. அதைப் பிள்ளையின் வாயால் சொல்ல வையுங்கள். அப்புறம் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற வந்தவர்களின் மேப்பிளவர் கப்பலுக்கு வாருங்கள்.

1620 நவம்பரில் 102 பயணிகளோடு அந்தக் கப்பல் கேப் காட் என்ற முனைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் கையில் ஓர் அனுமதித் தாள் இருந்தது, ஆனால் அது வர்ஜீனியா கம்பெனியின் எல்லைக்குள் குடியேற வாங்கிய தாள். வந்து இறங்கியதோ அதற்கு வடக்கே. “இங்கே நம்மைக் கட்டுப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை” என்று கப்பலில் சிலர் முணுமுணுக்கத் தொடங்கவே, கரையில் கால் வைப்பதற்கு முன்பே தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்த இடத்துக்கான தாள் 1621இல்தான் இங்கிலாந்திலிருந்து வந்தது. அதாவது சொந்த அரசனின் கணக்குப்படியே அவர்கள் முதலில் தவறான இடத்தில்தான் இருந்தார்கள். விசாவைவிட நூறு மடங்கு வலுவான குறிப்பு இது. பேரனுக்கு முதலில் இதைத்தான் சொன்னேன்.

அந்தக் கரையில் வாம்பனோக் மக்கள் இருந்தார்கள். அவர்கள் மண்ணில் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளத்தை வந்தவர்கள் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்துப்போனார்கள். 1621 மார்ச்சில் வாம்பனோக் தலைவர் மாசசாய்ட் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒருவருக்கொருவர் தீங்கு செய்வதில்லை, யாராவது போர் தொடுத்தால் உதவிக்கு வருவது. அவர்களிடம் ஆட்சியும் முறையும் இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். சட்டமே இல்லாத கூட்டத்தோடு யாராவது ஒப்பந்தம் போடுவார்களா?

ஒப்பந்தம் போட்ட மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம், 1676இல் நடந்த போரில் கொல்லப்பட்டார். அவர் தலையை, மேப்பிளவர்காரர்கள் உண்டாக்கிய பிளிமத் ஊரில் கழியில் குத்தி வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். 55 வருடம்தான் இடைவெளி. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் மறைக்க வேண்டாம்.

“அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்துக் கண்ணால் பார்க்கிறீர்கள்” என்று எதிரணி கட்டாயம் சொல்லும். அதற்கு ஒரு பெயரைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ரோஜர் வில்லியம்ஸ். அவரும் ஆங்கிலேயர், கிறித்துவப் போதகர். இந்த நிலத்தைக் கொடுக்க நம் அரசருக்கு உரிமையே இல்லை, இங்கே இருக்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னார். மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1635இல் அவரை நாடு கடத்தியது. அவர் மீதான குற்றச்சாட்டுகளில் இந்தப் பேச்சும் ஒன்று. அவர் போய் நரகான்செட் மக்களிடம் இடம் வாங்கிக்கொண்டு பிராவிடன்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார். அந்தக் காலத்துக் கண்ணுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

குண்டு விழுந்த இடம் வரை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி. இந்தப் பாடத்துக்கு நாம் பேருந்துச் செலவு மட்டும் பண்ணினால் போதும். பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் மணல் சுடும். ஒரு நீளமான கயிறு, ஒரு குச்சி, குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான்.

கெடிலம் கடலில் சேரும் அந்தப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி அதைச் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமிடம் விலைக்கு வாங்கியது. எலிஹு யேல் அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர். முகலாயப் படை செஞ்சியை நெருக்கிக்கொண்டிருந்த காலம், ராஜாராமுக்குப் பணம் தேவை. விற்பனையின் நிபந்தனையைக் கவனமாகப் படிக்க வேண்டும்: கோட்டை மட்டுமல்ல, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரத்துக்குள் இருக்கும் ஊர்களும் சேர்த்தி. பீரங்கியை நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம், கடலூர் நகரமும் உட்பட, கம்பெனிக்குப் போயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது.

நான் மணலில் குச்சியை நட்டு, கயிற்றைக் கட்டி, ஒரு பிள்ளையை வட்டம் போடச் சொல்வேன். “இதுக்குள்ள நிக்கிறவங்க எல்லாம் இனிமே என் ஆளு. வரியை எனக்குத்தான் கட்டணும்.” வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் “எங்களைக் கேக்கவே இல்லையே மிஸ்” என்று கத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் கத்துவார்கள். பீரங்கி யாருடையது, கொளுத்தியது யார் ஆள் என்று திருப்பிக் கேட்பேன். வாங்குகிறவனே அளக்கிறான் என்று அவர்களுக்கே புரிந்துவிடும். நெல் மண்டியில் இப்படி அளந்தால் விடுவோமா?

இப்போது கேள்வியைப் போடுங்கள். கடலூருக்கு வந்த ஆங்கிலேயர் சட்டவிரோதமாக வந்தவர்களா? இல்லை. பணம் கொடுத்தார்கள், பத்திரம் இருக்கிறது, விற்றவர் இந்தப் பக்கத்தை அப்போது ஆண்டவர். புதுச்சேரியிலும் அப்படித்தான். 1674இல் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் வந்து அமர்ந்தது பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோதியின் அனுமதியோடு. மூன்று வருடத்தில் சிவாஜியின் படை ஷேர்கானை விரட்டியபோது பிரெஞ்சுக்காரர்கள் புதிய எசமானிடம் போய் நின்று அனுமதி கேட்டார்கள். முறைப்படி வந்த விருந்தாளிகள். பிறகு என்ன ஆயிற்று? 1748இல் இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயிலை இடித்துப் போட்டார்கள். டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதைத் தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார்.

உள்ளே வர அனுமதி வேறு, ஆள அனுமதி வேறு. பத்திரத்தில் முதலாவது இருந்தது, இரண்டாவதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். நம் பெரியவர்கள் இதற்கு இரண்டு பழமொழி வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒன்றில்லை. “இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்” என்பது அனுமதி வாங்கிக்கொண்டு வந்து மீறுகிறவனைப் பற்றியது. கடலூரும் புதுச்சேரியும் அந்த ரகம். “ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது” என்பது யாரும் இடம் கொடுக்காமலே வந்து உட்கார்ந்து துரத்துகிற கதை. 1788இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் இறங்கியது அந்த ரகம். அங்கே யாரோடும் ஒப்பந்தமே போடவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கணக்கிலேயே 200 வருடம் ஓட்டினார்கள். 1992இல், பூர்வகுடியினர் தொடுத்த மாபோ வழக்கில்தான் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது பொய் என்று தீர்ப்புச் சொன்னது. எந்த ஊரைப் பற்றிப் பேசினாலும் இரண்டில் எந்தப் பழமொழி பொருந்தும் என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

தங்கள் சட்டத்தையே மீறிய இடங்கள்

போட்டியில் ஜெயிக்க வைப்பது இந்தப் பகுதிதான். இங்கே எந்தச் சட்டம், யாருடைய சட்டம் என்று யாரும் மடக்க முடியாது. எழுதிய சட்டம், தேதியோடு இருக்கிறது.

1763இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் போட்டார். அப்பலாச்சிய மலைக்கு மேற்கே போய்க் குடியேறக் கூடாது, ஏற்கெனவே போனவர்கள் திரும்பி வர வேண்டும். போனவர்கள் திரும்பவில்லை, இன்னும் பலர் மலை தாண்டினார்கள். அவர்கள் சொந்த அரசரின் சட்டப்படியே சட்டவிரோதக் குடியேறிகள்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் 1827இல் தங்களுக்கென்று ஓர் அரசியல் சட்டமே எழுதி வைத்தார்கள். சொந்த எழுத்து முறையில் பத்திரிகைகூட நடத்தினார்கள். எழுதாத சட்டத்தை மதிக்கமாட்டோம் என்றவர்கள் எழுதியதையாவது மதித்தார்களா? 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செரோக்கி மண்ணில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது, அந்த மக்களின் சம்மதம் இல்லாமல் ஜார்ஜியாக்காரர்கள் உள்ளே போக உரிமையில்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆறு வருடம் கழித்து வெளியேற்றப்பட்டது செரோக்கிகள்தான். வழியில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். லகோட்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களோடு அமெரிக்க அரசு போட்ட 1868 ஒப்பந்தப்படி, கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) என்ற மலைப்பகுதி அவர்களுக்கு, வெளியார் நுழையக்கூடாது. 1874இல் தங்கம் இருப்பது தெரிந்ததும் கூட்டம் கூட்டமாக நுழைந்தார்கள், மூன்றே வருடத்தில் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இன்று வரைக்கும் அந்தப் பணத்தை அவர்கள் தொடவில்லை. எங்களுக்கு மலைதான் வேண்டும் என்கிறார்கள்.

என் பேரனுக்கு மிகவும் பிடித்தது டெக்சாஸ் கதை, அவன் குடியிருக்கிற மண் அல்லவா. டெக்சாஸ் அப்போது மெக்சிகோ நாட்டின் பகுதி. மெக்சிகோக்காரர்கள் குறைவாக இருந்த வடக்குப் பகுதிக்கு ஆள் வேண்டும் என்று மெக்சிகோ அரசே அமெரிக்கக் குடும்பங்களை வரவழைத்தார்கள். நிபந்தனைகள் இருந்தன: கத்தோலிக்கராக இருக்க வேண்டும், மெக்சிகோ குடிமக்களாக ஆக வேண்டும். ஸ்டீபன் ஆஸ்டின் என்பவர் அப்படித்தான் குடும்பங்களை அழைத்துக்கொண்டு வந்தார். வந்தவர்களில் பலர் கறுப்பின அடிமைகளையும் கூட்டி வந்தார்கள். 1829இல் மெக்சிகோ அடிமை முறையை ஒழித்தது, வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நிலைமை கை மீறுகிறது என்று பயந்து, 1830 ஏப்ரல் 6ஆம் தேதி மெக்சிகோ ஒரு சட்டம் போட்டது. இனிமேல் அமெரிக்காவிலிருந்து யாரும் டெக்சாஸுக்குக் குடியேறி வரக்கூடாது. நிற்கவில்லை, வந்துகொண்டே இருந்தார்கள். 1836இல் டெக்சாஸ் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டார்கள், 1845இல் அமெரிக்காவோடு சேர்த்துவிட்டார்கள்.

“அப்படின்னா மெக்சிகோவுக்குள்ள இல்லீகலா வந்தது அமெரிக்கர்களா ஆயா?” என்று கேட்டான். 1830க்குப் பிறகு தடையை மீறி வந்தவர்கள், ஆமாம், எழுத்துக்கு எழுத்து அப்படித்தான். அந்தத் தடையும் நாலு வருடத்தில் நீங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எதிரணி அதைப் படித்துவிட்டு வந்தால் அவன் முழிக்கக் கூடாது. டெக்சாஸ் என்ற பெயரே அந்த மண்ணின் பூர்வகுடிகளான கேடோ மக்களின் மொழியில் நண்பன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொன்னேன். அவன் எதுவும் பேசவில்லை, எழுதிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு சொல்லுக்கு என் வீட்டில் இடமில்லை

இந்தப் பேச்சு சூடு பிடித்தால் பிள்ளைகள் வாயில் ‘வந்தேறி’ என்ற சொல் வரும். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் வருகிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் நிறுத்துவேன்.

காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தாயகம் திரும்பிய குடும்பம். தாத்தா இந்தப் பக்கத்திலிருந்துதான் இலங்கைத் தேயிலை மலைக்குப் போனவர். மண்டபம் முகாமில் பரிசோதித்து, கப்பலில் ஏற்றி, அரசாங்கமே அனுப்பியது. எல்லாம் சட்டப்படி. அப்பா அங்கேயே பிறந்தவர். 1948இல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே இரவில் நாடில்லாதவர்கள் ஆக்கிவிட்டது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்தக் கணக்கில் ஒருத்திதான் என் முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். ஒரு நாள் ஒரு பையன் அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். அவள் அழவில்லை. புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பத் தயாராக இருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு நான் அந்தப் பையனை அதட்டினேனே தவிர, வகுப்புக்கு விளக்கிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன்.

நகராமல் உட்கார்ந்த இடத்திலேயே ஒருவர் சட்டவிரோதி ஆகலாம், சட்டம் அவர் காலடியில் மாறினால் போதும். 1918 நவம்பர் 20ஆம் தேதி பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுப் பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். இந்தப் பக்கமும் தமிழ் ஊர், அந்தப் பக்கமும் தமிழ் ஊர். நடுவில் கோடு போட்ட இருவரும் கடல் தாண்டி வந்தவர்கள். அந்த எல்லையில் கைதானவர் தமிழ்க் கவிஞர்.

இதனால்தான் குடியேறி வேறு, குடியேற்றவாதி வேறு என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைக்க வந்து, இருக்கிற ஊரின் சட்டத்துக்குள் ஒதுங்குகிறவர் குடியேறி. தன் சட்டத்தையும் கொடியையும் கூடவே தூக்கி வந்து நட்டு, இருந்தவர்களை அதற்குள் அடைப்பவர் குடியேற்றவாதி. தோட்டத் தொழிலாளியையும் பீரங்கியோடு வந்த கம்பெனியையும் ஒரே சொல்லால் கூப்பிட்டால், பாரம் முழுவதும் ஏழையின் தலையில்தான் விழும். என் பேரனிடம் நான் சொன்னதும் இதுதான்: மேப்பிளவர்காரர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்வது அவர்களைத் திட்டுவது மாதிரித் தெரியும், உண்மையில் அவர்கள் செய்ததைச் சின்னதாக்கிக் காட்டுகிறது. இன்றைக்கு எல்லையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருத்தி யாருடைய நாட்டையும் எடுத்துக்கொள்ள வரவில்லை.

எதிரணி கேட்கப் போகிற மற்றவை

“பூர்வகுடிகளும் ஒரு காலத்தில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்தானே?” ஆமாம், குறைந்தது 14,000 வருடம் முன்னால். அப்போது அங்கே மனிதர்களே இல்லை. ஆளில்லாத கரையில் யாரிடம் அனுமதி கேட்பது?

“அவர்களுக்குள்ளேயும் அடித்துக்கொண்டார்களே?” உண்மை, ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். லகோட்டாக்களும் மற்ற மக்களை ஒதுக்கித்தான் கருங்குன்றுகளுக்கு வந்தார்கள். சோழரும் பாண்டியரும் சண்டை போட்டதால் கம்பெனிக்காரன் வந்தது சரி என்று ஆகுமா என்று கேட்டால் நம் பிள்ளைகளுக்குப் புரியும்.

“அப்படியென்றால் வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே தப்பா?” இதற்கு அரிக்கமேடு போதும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய நாட்டு மண்பாண்டங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருடம் முன்னால் அந்தக் கரைக்கு யவனர் சரக்கு வந்திறங்கியது. விற்றார்கள், வாங்கினார்கள், பீரங்கி சுட்டு ஊரை அளக்கவில்லை. புதுச்சேரிப் பிள்ளைகளை ஒரு தடவை அங்கே கூட்டிப் போங்கள். பார்க்கப் பெரிதாக எதுவும் இருக்காது, மாந்தோப்பும் பழைய சுவரும்தான். ஆனாலும் அந்த ஆற்றங்கரையில் நின்று சொன்னால் மனதில் நிற்கும்.

பேசும் வரிசை

மூன்று நிமிடத்துக்கு இவ்வளவும் கொள்ளாது. பேரனுக்கு நான் போட்டுக் கொடுத்த வரிசை இது. முதல் அரை நிமிடம், விசா அன்றைக்கு இல்லை என்று தானே சொல்லிவிட வேண்டும். எதிரணியின் பெரிய ஆயுதத்தை அவர்கள் எடுப்பதற்கு முன்னால் நாம் எடுத்துக் கீழே வைத்துவிடுகிறோம். அடுத்து, சட்டம் என்றால் யார் சட்டம் என்ற கேள்வி, 1621 ஒப்பந்தம், ரோஜர் வில்லியம்ஸ். நடுவில் ஒன்றரை நிமிடம் முழுக்க டெக்சாஸ், நேரம் மிஞ்சினால் 1763. கடலூர்க் குண்டு கதையைக் கடைசியில் சொல்லச் சொன்னேன். அவன் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத கதை, அவன் ஆயா ஊர்க் கதை.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. தேதிகள் எல்லாம் சரி. மெட்டகாம் பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். முதல் வரியை மாற்றியிருந்தான்: “எங்கள் மாநிலத்துக்குக் குடியேறி வந்த அமெரிக்கர்கள் எல்லோரும், ஒரு காலத்தில், இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறி வந்தவர்கள்.”

அதில் ‘எல்லோரும்’ என்பதை அடித்துவிட்டு ‘பலர்’ என்று போட்டு, 1830 என்று வருடத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.